தடைக்காலத்தில் வந்த நாய்

“டாக்டர், நாயை யாருக்காவது குடுத்துறலாம்னு இருக்கோம். ஆத்தாவத் தள்ளிவிட்டுருச்சு. கையில விரிசலாம்.”

போன நவம்பர் கடைசியில், பாம்பன் தீவின் வடகடல் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்த போன் இது. பேசியவர் விசைப்படகு டிரைவர். அவருக்குப் பின்னால் நாய் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது. மே மாதத்தில் அதற்கு முதல் தடுப்பூசி போட்டவன் நான்தான். “நல்ல எலும்பு, நல்லா வரும்” என்று தடவிக்கொடுத்து அனுப்பினேன். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு கடலோர ஊர்களுக்கு வீடு தேடிப் போய் வைத்தியம் பார்க்கிறவன். பெரிய ஜாதி நாய் வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களைவிட, வாங்கிவிட்டு என்ன செய்வது என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். இந்த வீட்டுக்காரர்களிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம் என்றார்கள். நாயின் பெயரைச் சொல்லலாம் என்றார்கள்: வீரா.

வீடும் குட்டியும்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி நிற்கும். பெயிண்ட் அடிப்பது, பலகை மாற்றுவது, வலை பொத்துவது என்று வேலை இருந்தாலும் ஆம்பிளைகள் ராத்திரி வீட்டில் தூங்குகிற இரண்டு மாதம் அது. அந்த வருஷம் மூத்த மகனுக்கும் பிளஸ் டூ பரீட்சை முடிந்திருந்தது. அப்பாவும் மகனும் வீட்டில் இருக்க, ஒருநாள் இரண்டு பேருமாகப் போய் ஒரு அல்சேஷன் குட்டி வாங்கி வந்தார்கள். விலை 14,000 ரூபாய். விற்றவர் ‘45 நாள் குட்டி’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். இரண்டு மாதம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. ஆனாலும் நம் பக்கம் ‘45 நாள்’ என்பது பால் மறந்த கணக்காகவே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் மொத்தம் ஐந்து பேர். டிரைவர் அண்ணன், அவர் மனைவி, கல்லூரிக்குப் போகக் காத்திருந்த மகன், நாலாம் வகுப்புப் படிக்கிற மகள், 68 வயது ஆத்தா. மனைவி கடல்பாசி எடுக்கப் போகிறவர். பாசிக்குப் போகிற நாட்களில் விடியுமுன் கிளம்பினால் மதியம்தான் திரும்புவார். வீட்டு இடம் மூன்று சென்ட். சுற்றி இடுப்பளவு பனையோலை வேலி. வாசலில் ஒரு வேப்பமரம். குடிதண்ணீர் குடத்தில் வருகிறது.

குட்டி வந்த ஏழு வாரமும் அதற்குத் திருவிழாதான். காலையில் அண்ணனோடு படகடி, சாயங்காலம் மகனோடும் அவன் கூட்டாளிகளோடும் கடற்கரை, ராத்திரி எல்லார் மடியிலும் மாறி மாறித் தூக்கம். நாய்க்குட்டிக்கு உலகம் இன்னது என்று மனதில் பதிகிற காலம் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினாலாவது வாரம் வரை. மார்ச் முதல் வாரத்தில் பிறந்த வீராவுக்குப் பதினாலு வாரம் முடிந்தது ஜூன் நடுவில். படகுகள் கடலுக்குப் போனதும் அதே வாரத்தில்தான். உலகம் என்றால் இரண்டு ஆம்பிளைகள், நிறையப் பையன்கள், நீளமான மணல் என்று கற்றுக்கொண்டு முடித்தது. கற்று முடித்த வாரத்திலேயே எல்லாம் போய்விட்டது. ஜூலையில் மகனும் மதுரைக்குக் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான்.

வேப்பமரத்தடியில் சங்கிலி வந்தது ஆகஸ்டில்.

முதல் நாள் பார்த்தது

டிசம்பர் 1-ம் தேதி போனேன். வேலியோரம் நடந்தபோது காலுக்குக் கீழே ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தேன். மணலில் ஒரு சாண் அகலத்துக்கு, உள்ளங்கை ஆழத்துக்கு, ஒத்தையடிப் பாதைபோல ஒரு தடம். மரத்திலிருந்து சங்கிலி எட்டுகிற தூரம் வரை வேலியை ஒட்டி அரைவட்டமாகப் போய், முடிகிற இடத்தில் திரும்பி, அதே தடத்தில் வந்திருந்தது. மழை பெய்து இறுகிய மணலில் நகக்கீறல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. திரும்புகிற இரண்டு முனையிலும் பள்ளம் இன்னும் ஆழம். அங்கே ஓலைகூட உரசி உரசித் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது.

இந்தத் தடத்தைப் புரிந்துகொள்ள நாயின் பூர்வீகம் தெரிய வேண்டும். நம் ஊரில் அல்சேஷன் என்றுதான் சொல்கிறோம். முதல் உலகப் போருக்குப் பிறகு ‘ஜெர்மன்’ என்ற சொல் பிடிக்காமல் பிரிட்டனில் வைத்த பெயர் அது. 1977-ல் அங்கேயே பழைய பெயருக்குத் திரும்பிவிட்டார்கள், நாம்தான் விடவில்லை. ஜெர்மன் ஷெப்பர்டு என்றால் ஜெர்மானிய மேய்ப்பு நாய். 1899-ல் மாக்ஸ் வான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி ஹோராண்ட் என்ற நாயைப் பதிவுசெய்து இந்த இனத்தைத் தொடங்கினார். வேலி இல்லாத வயல்களுக்கு நடுவே செம்மறிகள் மேயும்போது, மந்தைக்கும் பயிருக்கும் நடுவில் எல்லைக்கோடு மாதிரி நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பதுதான் அதன் தொழில். காலே வேலியாக இருக்கிற நாய் அது. மூன்று சென்ட் மணலில், ஆறடிச் சங்கிலியில், வீரா தன் தொழிலைத்தான் செய்துகொண்டிருந்தது. காப்பதற்கு மந்தைதான் இல்லை.

உடம்பைப் பார்த்தேன். எடை 29.4 கிலோ. ஆண் ஜெர்மன் ஷெப்பர்டு முழுதாக வளர்ந்தால் 30 முதல் 40 கிலோ வரும், ஒன்பது மாதத்துக்கு இது சரியான எடை. உடல்சூடு 101.8 பாரன்ஹீட், இயல்பு. காது மடிப்பிலும் விரல் இடுக்கிலும் உண்ணி; ரத்தம் எடுத்து அனுப்பியதில் உண்ணிக் காய்ச்சல் இல்லை. இடுப்பு மூட்டை அசைத்துப் பார்த்தேன், இந்த இனத்துக்கு அங்கேதான் கோளாறு வரும், வலி காட்டவில்லை. இடது முன்காலைத் தொட்டதும் உறுமியது. பாதத்து மெத்தையை விரித்து டார்ச் அடித்தால் கறுப்பாக ஒரு புள்ளி. ஊசி முனையால் கிளறி இடுக்கியால் இழுத்தேன். சீமைக்கருவேல முள், அரை விரற்கடை நீளம், நுனி ஒடிந்து உள்ளேயே பழுத்திருந்தது. எடுத்ததும் நாய் என் கையை நக்கியது. அந்தக் காலோடு எத்தனை நாள் ஓடியதோ.

ராமநாதபுரத்துக்காரர்களுக்குக் கருவை முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நாய் வாங்கும்போது அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வலி உள்ள நாய் கடிக்கும். குணம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுமுன் பாதத்தை விரித்துப் பார்க்க வேண்டும்.

புகார்கள் நாலு. ராத்திரிக் குரைப்பு, அண்டை வீட்டில் சண்டை வந்துவிட்டது. டியூஷன் விட்டு ஓடி வரும் மகளைச் சுற்றிச் சுற்றி வந்து குதிகாலைக் கவ்வுகிறது. பக்கத்து வீட்டுக் கோழி மூன்று போச்சு. கடைசியாக ஆத்தா: தண்ணீர்க் குடத்தோடு வந்தவர் மேல் ஆசையாகத் தாவியிருக்கிறது. கோபத்தில் இல்லை. 29 கிலோ ஆசை ஒரு கிழவியைக் கீழே தள்ளப் போதும்.

“தனுஷ்கோடியில கொண்டுபோய் விட்டுட்டு வாங்கன்னு சொல்றாக” என்றார் அண்ணன். சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. தனுஷ்கோடியில் நாய்க்கு நிழலும் குடிதண்ணீரும் கிடைப்பது அரிது. பசித்துச் சாகட்டும் என்று நாயை விட்டு வருவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆமை முட்டையிடுகிற கரையில் பசித்த நாய் என்ன செய்யும் என்பதையும் சொன்னேன். “நாங்க அப்படிச் செய்ய மாட்டோம் தம்பி” என்று உள்ளேயிருந்து ஆத்தா குரல் வந்தது, கட்டுப்போட்ட கையோடு.

கணக்கு நோட்டு

இந்த மாதிரி வீடுகளில் “நாயை எவ்வளவு நேரம் வெளியே கூட்டிப்போகிறீர்கள்” என்று கேட்டால் “காலைலயும் சாயங்காலமும் போவோம்” என்பார்கள். பொய் சொல்வதில்லை. போன நாட்கள் நினைவில் நிற்கும், போகாத நாட்கள் நிற்காது. அதனால் எழுதச் சொன்னேன். படகுக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன்: எத்தனை மணிக்கு, யார் அவிழ்த்தார்கள், எத்தனை நிமிஷம், ராத்திரி எப்போது குரைத்தது. பதினாலு நாள். எழுதும் பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டாள். பென்சிலில், அழித்து அழித்து, அக்கறையாக எழுதியிருந்தாள்.

அந்தப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் போகும். காலையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் காலை கரை. மீன் இறக்கி, ஐஸ் தட்டி, கணக்குப் பார்த்து வீடு வந்தால் மனுஷன் சவம்போலத் தூங்குவார். அப்படியானால் ஒரு கடல் என்பது நாய்க்கு இரண்டு நாள்.

நோட்டில் கடல் நாட்களில் சங்கிலி அவிழ்ந்த நேரம் பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். இரண்டு நாள் ‘0’. அவர் கரையில் இருந்த நாட்களில் ஒரு மணிக்கு மேல். குரைப்புப் பத்தியில் கடல் நாட்களுக்கு எதிரே ‘11 டு 2’, ‘விடிய விடிய’.

எனக்கு விஷயத்தை உடைத்துக் காட்டியது இரண்டாவது வாரம். கடலில் காற்று பலமாக இருக்கிறது என்று நாலு நாள் டோக்கன் கொடுக்கவில்லை. படகு போகவில்லை, அண்ணன் வீட்டில். வாடைக் காற்றும் மழையுமாக இருந்தாலும் நனைந்துகொண்டே நாயைக் கூட்டிப் போயிருக்கிறார். அந்த நாலு ராத்திரிக்கும் எதிரே மகள் எழுதியிருந்தது ஒரே சொல்: ‘தூங்கிச்சு’.

நாயில் கோளாறு இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. காற்று அடித்தால் நல்ல நாய், கடல் அமைதியானால் கெட்ட நாய் என்று ஒரு நாய் இருக்க முடியாது. அந்த வீட்டின் வயிற்றுப்பாடு எந்த நாளில் நடக்கிறதோ அந்த நாளில் நாய்க்கு இடமில்லை.

தீனிக் கணக்கையும் அன்றே பார்த்தோம். 30 கிலோ நாய்க்கு நாளுக்கு ஏறக்குறைய 1,500 கலோரி வேண்டும். கடைத் தீனியாக வாங்கினால் 400 கிராம் அளவு, மாதத்துக்கு 12 கிலோ. மீன்காரர் வீட்டில் இதற்கா பஞ்சம் என்று தோன்றும். வீராவுக்கும் பச்சை மீன்தான் போட்டிருந்தார்கள். சில பச்சை மீன்களில் பி1 வைட்டமினைச் சிதைக்கிற நொதி உண்டு. தொடர்ந்து தின்றால் நரம்பு தளரும். வேகவைத்தால் அந்தத் தொல்லை போய்விடும். கரையில் கழித்துப்போட்ட மீனை நாய் பொறுக்குவது அதைவிட ஆபத்து. பேத்தை மீன் விஷம். தூண்டில் முள்ளோடு வயிற்றை அறுக்க வேண்டிவந்த நாயையும் பார்த்திருக்கிறேன். உப்புக் கருவாடு கூடவே கூடாது. குட்டிக்குக் கால்சியம் டானிக்கும் ஊற்றியிருந்தார்கள். பெரிய ஜாதிக் குட்டிக்கு அளவுக்கு மீறிய கால்சியம் எலும்பைக் கெடுக்கும். நல்லவேளை, ஒரு பாட்டிலோடு நிறுத்திவிட்டார்கள்.

ஆறு வாரம்

கொடுத்துவிடுவதா வைத்துக்கொள்வதா என்பதை ஆறு வாரம் தள்ளிவைத்தோம். அண்ணன் ஒரு வேலையை அன்று சாயங்காலமே தொடங்கிவிட்டார்: சவுக்குக் கம்பு நட்டு, பழைய வலையை இரட்டையாகக் கட்டி, வேலியை ஆளுயரத்துக்கு ஏற்றினார். சங்கிலி அவிழ்ந்தது. கோழிக்காரர்களுக்குப் பணம் கொடுத்துச் சமாதானம் ஆனது.

மகளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. நாய் சுற்ற ஆரம்பித்தால் ஓடாதே, கத்தாதே, பனைமரம் மாதிரி நில். ஓடுவது எதுவானாலும் அதற்கு மந்தையை விட்டுப் பிரிந்த ஆடு. நின்றுவிட்டால் ஆடு இல்லை. நாலு நாளில் குதிகால் கவ்வுவது நின்றது.

ஆத்தாவைத்தான் நான் குறைவாக எடைபோட்டிருந்தேன். கையில் கட்டோடு திண்ணையில் சும்மா இருக்க முடியவில்லை அவரால். வேகவைத்த சூடை மீனை முள் நீக்கி, சின்னச் சின்ன உருண்டையாக்கி, நாலு ஓலைப்பெட்டியில் ஒன்றில் மட்டும் வைத்து மூடச் சொன்னேன். நாய் திண்ணைக்குக் கீழே ‘இரு’ என்றால் இருக்க வேண்டும், ‘தேடு’ என்றால் தேட வேண்டும். ஒரு வாரத்தில் பெட்டிகள் வேலியோரம் வரை போய்விட்டன. மூக்கையும் மூளையையும் கால் மணி நேரம் வேலை வாங்கினால் இந்த நாய் அரை மணி ஓடியதுபோலக் களைத்துப் படுக்கும். தள்ளிவிட்ட அதே நாய் ஆத்தா குடத்தை எடுத்தால் உட்கார்ந்து பார்க்கப் பழகியது. நான் போயிருந்தபோது, “எம்மவனுக்குக்கூட நான் இம்புட்டுச் சொல்லிக்குடுக்கல தம்பி” என்றார்.

நடைக்கு யார்? கடல் நாட்களில் அந்த வீட்டில் 30 கிலோவை இழுத்துப் பிடிக்கக் கூடிய ஒரே ஆள் அண்ணி. இந்தக் கரையில் நடை என்பது நினைத்த நேரத்தில் முடியாது. மதுரை அளவுக்கு இங்கே வெயில் ஏறாது என்பார்கள், சரிதான். ஆனால் நாய்க்குப் பாதத்தைத் தவிர வேறெங்கும் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்து, அந்த ஈரம் ஆவியாவதில்தான் உடம்புச் சூடு இறங்கும். பாக் விரிகுடாப் பக்கத்துப் புழுக்கத்தில் காற்றே நனைந்திருக்கும்போது நாக்கிலிருந்து ஈரம் சரியாக ஆவியாகாது. இரட்டை ரோமம் உள்ள நாயை இங்கே விடிகாலையிலும் இருட்டிய பிறகும்தான் நடத்தலாம். ரோமத்தைச் சிரைத்துவிடலாமா என்று கேட்டார்கள். கூடாது, அதுதான் அதற்கு வெயில்மறைப்பு. ஆக விடிகாலை ஐந்து மணி. அண்ணி பாசிக்குக் கிளம்பும் நேரமும் அதுதான்.

அவர் நாலரைக்கு எழுந்து நாயை நடத்திவிட்டுப் பாசிக்குப் போனார். மூன்று வாரம் ஒரு நாள்கூட விடவில்லை. மகளின் நோட்டு சொல்கிறது. ராத்திரிக் குரைப்பு பாதியாகக் குறைந்தது. நாலாவது வாரம் நான் போனபோது அவர் வாசலில் உட்கார்ந்து கையில் பாசி அறுத்த காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்கே அக்கா, ரொம்ப மாறியிருச்சு” என்றேன்.

“நாய் மாறியிருச்சு டாக்டர். எனக்குத்தான் உக்கார நேரமில்ல. பாசிக்குப் போயி, தண்ணி புடிச்சு, சோறாக்கி, புள்ளைக்குப் பாடம் பாத்து, ஆத்தாவுக்குத் தலை பின்னிவிட்டு, இதையும் நான்தான் பாக்கணும்னா சொல்லுங்க பாப்போம். வாங்கும்போது என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல.”

நாயின் முன்னேற்றத்தைக் கோடு போட்டு அளந்துகொண்டிருந்தேன். அது யார் முதுகில் ஏறி நின்றது என்று பார்க்கவில்லை. பெரிய நாய் வாங்குகிற முடிவைப் பெரும்பாலும் அப்பாவும் மகனும் எடுக்கிறார்கள். வைத்துக்கொள்கிற வேலை அம்மா தலையில் வந்து விழுகிறது. என் நோட்டில் நாயின் நிமிஷங்களுக்குப் பத்தி இருந்தது, அவருடைய தூக்கத்துக்கு இல்லை. இப்போது சேர்த்திருக்கிறேன்.

அன்று ராத்திரி எல்லாரும் உட்கார்ந்து பேசினார்கள். மதுரையிலிருந்து மகன் போனில் அழுதான் என்று கேள்விப்பட்டேன். நாயை வேறு நல்ல வீட்டில் விடுவது என்று முடிவானது.

வேறு வீடு

முதலில் வந்தது ஒரு இறால் பண்ணை. ஏக்கர் கணக்கில் இடம். காவலுக்கு நாய் வேண்டும் என்றார்கள். போய்ப் பார்த்தேன். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு நாய் கட்டிக் கிடந்தது, தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து காய்ந்திருந்தது. அதைச் சுற்றியும் மணலில் அதே அரைவட்டத் தடம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ‘பெரிய நாய்க்குப் பெரிய இடம்’ என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஆள் இல்லாத பத்து ஏக்கரில் நாய் பத்தடியில்தான் வாழும்.

இரண்டாவது, அண்ணியின் சித்தி வீடு, உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்பு. தோப்பு ஒன்றும் பெரிதில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய தம்பதி, நாலு கறவை மாடு. போன உடனே எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் மாடுகள். மாடு வைத்திருக்கிற வீட்டுக்குத் தடைக்காலமும் இல்லை, கடல் நாளும் இல்லை. விடியுமுன் பால் கறக்கணும், சாயங்காலம் புல்லுக்குப் போகணும், கல்யாணமானாலும் கருமாதியானாலும் ஒருத்தர் வீட்டில் இருக்கணும். நாய் கேட்பதும் அதே ஒழுங்குதான். அந்த வீட்டில் அது முன்பே இருந்தது.

பத்து நாள் வைத்துப் பார்ப்பது, ஒத்துவராவிட்டால் எனக்குப் போன் பண்ணுவது என்று பேசி, பிப்ரவரி முதல் வாரத்தில் வீராவைக் கொண்டுபோய் விட்டோம். தடுப்பூசிப் புத்தகம், ஆத்தாவின் நாலு ஓலைப்பெட்டி, மகளின் நோட்டு மூன்றும் கூடப் போயின. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மாடுகளை முதலில் சுற்றிவரப் பார்த்து, ஒரு பசுவிடம் நன்றாக உதை வாங்கியது; எலும்பில் அடியில்லை. ஐந்தாம் நாள் சித்தி போன் பண்ணி, புல்லுக்கட்டுச் சைக்கிளோடு தோப்பு வரை போய் வருகிறது என்றார். மார்ச்சில் பார்க்கப் போனேன். எடை 32 கிலோ. ஒரு வயதாகிவிட்டதால் கருத்தடை பற்றிப் பேசினோம். வேலியோரமாக ஒரு சுற்று நடந்து பார்த்தேன், தடம் எதுவும் இல்லை.

இந்த வீட்டைப் பார்த்த பிறகு

நான் கேட்கும் கேள்வியை மாற்றிக்கொண்டேன். எந்த இனம் நல்லது என்று கேட்டு வருகிறவரிடம், உங்கள் வீட்டில் வருஷத்திலேயே மோசமான மாதம் எது என்று கேட்கிறேன். இந்தக் கரையில் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை என்பார்கள். அந்த மாதத்தில், மழை பெய்கிற ஒரு விடிகாலையில், கயிற்றைப் பிடிக்கப் போகிற கை யாருடையது? அந்தக் கைக்கு ஏற்கெனவே என்ன வேலை இருக்கிறது? அவரை என் முன்னால் கூட்டிவாருங்கள். அவர் சரி என்றால்தான் மற்றதெல்லாம்: அப்பா அம்மா நாயின் இடுப்பு எக்ஸ்ரே, குட்டியின் வயது, தீனிச் செலவு, மாதம் தவறாமல் உண்ணி மருந்து, அவசரத்துக்கு மதுரை வரை வண்டி.

கீழக்கரையில் வெளிநாட்டுச் சம்பாத்தியம் உள்ள ஒரு வீட்டில் சைபீரியன் ஹஸ்கி கேட்டார்கள், ஏசி அறை தனியாக ஒதுக்குகிறோம் என்றார்கள். பனியில் வண்டி இழுக்கப் பிறந்த நாயை, ஓடத்தான் பிறந்த நாயை, ஓர் அறையில் குளிரூட்டி வைப்பதற்கு நான் சம்மதிக்கவில்லை. மின்சாரம் போகிற மத்தியானங்களை நினைத்தாலே எனக்கு வேர்க்கிறது.

இந்த ஏப்ரலில் தடைக்காலம் தொடங்கிய மூன்றாம் நாள் டிரைவர் அண்ணன் போன் பண்ணினார். மகன் லீவுக்கு வந்திருக்கிறான்.

“டாக்டர், பையன் கேக்குறான். ராஜபாளையம் வாங்கலாமா? நம்ம ஊரு நாய்தான, வெயிலு தாங்கும்ல.”

வெயில் தாங்கும், அது உண்மை. 2005-ல் தபால்தலையிலேயே ஏறிய நாய் அது, எனக்கும் பெருமைதான். ஆனால் வேட்டைக்கு வளர்த்த இனம். இரண்டடிக்கு மேல் உயரம், ஓட்டத்துக்குப் பிறந்த கால், ஒருவரையே நம்பி நிற்கிற குணம். வெள்ளைக் குட்டிகளில் சிலது காது கேளாமல் பிறப்பதும் உண்டு. ஊர் ஒன்று என்பதால் வீட்டுக்குப் பொருந்திவிடாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, “இப்ப வேணாம்ணே. ஐப்பசி பிறக்கட்டும். நாய் இல்லாமலேயே ரெண்டு வாரம் நோட்டு எழுதுங்க. காலைல நாலரைக்கு யாரு எந்திரிக்கிறா, எதுக்கு எந்திரிக்கிறா, ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறா, அத மட்டும் எழுதுங்க. பாத்துட்டுப் பேசுவோம்” என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் கரையில் யாரோ படகில் உளி தட்டுகிற சத்தம் கேட்டது.

“சரி டாக்டர். அவகிட்டயும் கேட்டுட்டுச் சொல்றேன்” என்றார்.